மட்டாஞ்சேரியில் மீண்டும் ஒரு சாப்பா

1953 செப்டம்பர் 15 அன்று, கொச்சி மட்டாஞ்சேரியில் வேலைநிறுத்தம் செய்துவந்த துறைமுகத் தொழிலாளர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அப்போது திருவிதாங்கூர்–கொச்சியை ஆண்டுகொண்டிருந்தது காங்கிரஸ் அமைச்சரவை. சைது, சைதலவி ஆகிய தொழிலாளர்கள் குண்டுக்குப் பலியானார்கள். ஆண்டனி காவல்துறையின் சித்திரவதையால் உயிரிழந்தார்.

அத்தொழிலாளர்களின் கோபத்துக்கு மூல காரணமாக இருந்த முறைக்குச் ‘சாப்பா’ என்று பெயர். வேலை தேடி நூற்றுக்கணக்கானோர் கூடி நிற்பார்கள். மூப்பன் எனப்படும் கங்காணி உலோக வில்லைகளை அள்ளிக் கூட்டத்தின் நடுவே வீசுவான். அடிபட்டு, மிதிபட்டு, வில்லையைக் கைப்பற்றியவருக்கு அன்றைக்கு வேலை, மற்றவர்களுக்குப் பட்டினி. இம்முறையின் சூழ்ச்சி எளிமையானது. முதலாளி யாரையும் வெளிப்படையாக விலக்குவதில்லை. வில்லை எல்லோருக்கும் பொதுவாகவே வீசப்படுகிறது. கிடைக்காதவரின் கோபம் வீசியவன் மீது பாயாமல், பக்கத்தில் நின்று பறித்துக்கொண்ட சக தொழிலாளி மீது பாய்கிறது.

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, மட்டாஞ்சேரியைப் போன்ற உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளை நோக்கி இன்னொரு வகை வில்லை வீசப்படுகிறது. அதன் பெயர் ‘உள்ளடக்கிய சமூகப் பண்பாட்டுத் திட்டங்களுக்கான சிறு மானியம்’. ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம், பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, தனியார் அறக்கட்டளைகள், வெளிநாட்டுப் பண்பாட்டு நிறுவனங்கள் என வீசும் கைகள் பல. ஆனால் முறை ஒன்றே: அறிவிப்பு வெளியாகும், பலர் விண்ணப்பிப்பார்கள், சிலர் தேர்வாவார்கள், மற்றவர்கள் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருப்பார்கள். அன்றைய சாப்பாவின் கொடுமையும் இதுவும் ஒன்றல்ல. இங்கே எவரும் பட்டினியால் மிதிபடுவதில்லை. ஆனால் உரிமையாக வரவேண்டியதைப் போட்டிப் பரிசாக மாற்றுவது இரண்டிலும் ஒன்றே.

மக்கள் பண்பாட்டுக்குப் பொதுப்பணம் தேவையா என்பது இங்கே கேள்வியல்ல. கட்டாயம் தேவை. அந்தப் பணம் யாருடைய முடிவின்படி, எந்த நிபந்தனைகளோடு, எந்த வடிவில் வருகிறது என்பதே கேள்வி.

மட்டாஞ்சேரியின் பண்பாட்டை வளர்த்தது யார்?

மட்டாஞ்சேரியும் அதை ஒட்டிய கோட்டைக் கொச்சியும் சில சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் அடங்குபவை. கொங்கணி, குஜராத்தி, கட்ச்சி, தக்கினி உருது, துளு, தெலுங்கு, தமிழ், மராத்தி என மலையாளத்துடன் பல தாய்மொழிகள் அங்கே தெருவுக்குத் தெரு ஒலிக்கின்றன. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயமும், சமணக் கோயிலும், பள்ளிவாசல்களும், லத்தீன் கத்தோலிக்கத் தேவாலயங்களும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. சுற்றுலாத் துறையின் கையேடுகள் இதனை ‘நல்லிணக்க அதிசயம்’ என்று விற்கின்றன. அதிசயம் எதுவுமில்லை. மிளகும் இஞ்சியும் ஏற்றுமதியான துறைமுகத்தைச் சுற்றி, வணிகமும் கூலி வேலையும் கொண்டுவந்து சேர்த்த மக்கள் அவர்கள்.

இந்த வரலாற்றில் தமிழ் உழைப்புக்கும் இடமுண்டு. கோட்டைக் கொச்சி வெளிப் பகுதியின் சலவைத்துறையில் இன்றும் துணி வெளுப்பவர்கள், காலனிய ஆட்சிக் காலத்தில் படைவீரர்களின் சீருடைகளைத் துவைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் சமூகத்தினரின் வழித்தோன்றல்கள். இப்பகுதியின் லத்தீன் கத்தோலிக்க உழைப்பாளிகளும் மீனவர்களும் ஆடும் சவிட்டுநாடகத்தின் பழைய பனுவல்கள் தமிழ் கலந்த மொழியில் அமைந்தவை. அதன் முதல் நாடகங்களில் ஒன்றாகக் கருதப்படும் ‘காறல்மான் சரிதம்’ சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. பலகை மேடை அதிர மிதித்து ஆடும் அந்தக் கலையைத் தாங்கி நின்றது அரசவை அல்ல; பகலில் வலை இழுத்தும் மூட்டை சுமந்தும் களைத்த கால்கள்தாம்.

இதே மண்ணில்தான் மெஹ்பூப் பாடினார். மலையாளத் திரைப்படங்களில் பாடிப் புகழ்பெற்ற பின்னரும் கொச்சியின் கல்யாண வீடுகளில் பாடிய பாட்டாகவே அவருடைய குரல் மக்களின் நினைவில் நிற்கிறது. அவரைப் பின்பற்றி வந்த உம்பாயி, மலையாளத்தில் கஜல் என்ற வடிவத்தையே மக்களிடம் கொண்டுசேர்த்தார். இந்த இசைக்குப் பின்னால் எந்த மானியமும் இல்லை. திருமண வீட்டுக்காரரின் பணமும், மன்றங்களின் வசூலும், நண்பர்களின் மாடி அறையும் இருந்தன. சுமைத் தொழிலாளிக்கும் கிடங்கில் இஞ்சி தரம்பிரிக்கும் பெண் தொழிலாளிக்கும் நிலையான வேலை இருந்த காலத்தில், அவர்கள் கொடுத்த நாலணா எட்டணாவால் பண்பாடு நடந்தது.

இதை மறந்துவிட்டுப் பேசுவோர், மட்டாஞ்சேரி மக்களை உதவி கிடைத்தால்தான் கலை படைக்கக்கூடிய நலிந்த சமூகங்களாகச் சித்தரிக்கிறார்கள். நலிந்தது கலை மட்டும் அல்ல. கலையைத் தாங்கிய வேலையும் நலிந்தது.

கிடங்கு காலியான பிறகு

2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. துபாயைச் சேர்ந்த டி.பி. வேர்ல்டு நிறுவனம் அதனை இயக்குகிறது. அம்முனையத்துக்கான சாலைக்கும் ரயில் பாதைக்கும் 2008இல் மூலம்பிள்ளி உள்ளிட்ட இடங்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பெட்டகமயமாக்கல் துறைமுகத்தின் கைவேலையை விழுங்கியது. கடற்கரையோரம் இருந்த கிடங்குகளில் சரக்கு வருவது குறைந்தது.

2012 டிசம்பர் 12இல் கொச்சி–முசிறி பினாலே கலைவிழா தொடங்கியது. அதன் காட்சிக் கூடங்களாக மாறியவை பெரும்பாலும் பழைய வணிக மாளிகைகளும் கிடங்குகளுமே. டி.எல்.எஃப். நிறுவனத்துக்குச் சொந்தமான ஆஸ்பின்வால் மாளிகை அதன் முதன்மைக் கூடமாக இருந்தது. மட்டாஞ்சேரியின் ஆனந்த் கிடங்கும் டி.கே.எம். கிடங்கும் பின்னர் அதில் இணைந்தன.

பினாலேயை முழுவதுமாக நிராகரிப்பது இடதுசாரிப் பார்வை ஆகாது. கலைக்குப் பொதுப்பணம் ஒதுக்கப்படுவது சரியானதே. 2010இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடக்க நிதியாக 5 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2022 பதிப்புக்கு மாநில அரசின் உதவி 7 கோடி ரூபாய். இவ்விழா வந்த பிறகு அப்பகுதியின் இளைஞர்கள் உலகின் கலைப் படைப்புகளைத் தம் தெருவிலேயே பார்த்தார்கள். மாணவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பிரிவுகள் உருவாயின. இவை மறுக்க முடியாத பயன்கள்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் பேசப்பட வேண்டும். விழா நடக்கும் தெருவின் வாடகை உயர்கிறது. மளிகைக் கடை இருந்த இடத்தில் காபிக் கடை வருகிறது. மசாலாக் கடை பழம்பொருள் அங்காடி ஆகிறது. 2018–19 பதிப்பு முடிந்ததும் கட்டுமானப் பணிகளுக்கான நிலுவைத் தொகை பற்றிய தகராறு பொதுவெளிக்கு வந்தது. தொகை எவ்வளவு என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. கலைவிழாவின் சுவரை எழுப்புகிறவர்களின் கூலி, கலையைப் பற்றிய விவாதத்தில் கடைசி வரியாகக் கூட இடம்பெறுவதில்லை என்பதை அத்தகராறு நாட்டுக்குக் காட்டியது.

இதே பகுதி 2016இல் ‘பொலிவுறு நகரம்’ திட்டத்தின் முதல் 20 நகரங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அதனை நிறைவேற்றத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சிக்குப் பதிலாக ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. நகரத்தின் முடிவுகள் நிறுவன இயக்குநர் குழுவுக்கும், நகரத்தின் நினைவுகள் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கும் கைமாறின. இந்த இரண்டுக்கும் நடுவில், ‘உள்ளூர்ச் சமூகங்களையும் சேர்த்துக்கொள்கிறோம்’ என்று காட்டுவதற்காகவே சிறு மானியம் நுழைகிறது.

வில்லையைப் பிடிக்கும் விதிகள்

சவிட்டுநாடகக் குழு ஒன்று புதிய நாடகம் போட விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ‘கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா’ திட்டத்தில் நிகழ்ச்சிகளுக்கும் தயாரிப்புகளுக்கும் மானியம் உண்டு. பொதுவாக 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் குழு பதிவு பெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருக்க வேண்டும். சில ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். நிதி ஆயோக்கின் ‘தர்ப்பண்’ தளத்தில் பதிவெண் வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் வேண்டும். திட்டச் செலவின் ஒரு பகுதியைக் குழுவே ஏற்க வேண்டும். மானியம் தவணையாக வரும். செலவுக் கணக்கைப் பட்டயக் கணக்காளரிடம் சான்று பெற்று அனுப்பிய பிறகே மிச்சத் தொகை வரும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒத்திகை பார்க்கும் ஒரு குழுவுக்கு இந்த விதிகள் என்ன சொல்கின்றன? முதலில் கடன் வாங்கு, பிறகு கணக்காளரைப் பிடி, அதன் பின் நாடகத்தைப் பற்றி யோசி என்கின்றன. விண்ணப்பம் எழுதத் தெரிந்த இடைத்தரகர் உருவாகிறார். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் காலப்போக்கில் குழுவின் குரலே அவர் எழுதும் அறிக்கையின் குரலாக மாறிவிடுகிறது. மூப்பன் மறையவில்லை, மடிக்கணினியுடன் திரும்பி வந்திருக்கிறார்.

“பதிவு இல்லாத குழுக்களுக்குப் பொதுப்பணத்தைக் கொடுத்தால் கணக்கு யார் காட்டுவது?” என்று கேட்கப்படுகிறது. பொறுப்புள்ள கேள்வி போலத் தோன்றும் இது உண்மையில் வர்க்கச் சார்புள்ள கேள்வி. 1992 முதல் நபார்டு வங்கி மகளிர் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைத்து வருகிறது. அக்குழுக்களில் பெரும்பாலானவை சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை அல்ல. தீர்மானப் புத்தகமும் சேமிப்புக் கணக்கும் போதும். இலட்சக்கணக்கில் கடன் தரப்படுகிறது. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அண்டைக் குழுக்கள் பெரும் தொகைகளைக் கையாளுகின்றன. வட்டியோடு திருப்பித் தரவேண்டிய பணம் என்றால் ஏழைப் பெண்களை நம்பலாம். பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் என்றால் நம்ப முடியாது! நம்பிக்கையின் அளவுகோல் நேர்மை அல்ல, வட்டி என்பதே இதன் பொருள்.

பெருநிறுவன நிதியின் கதை வேறு. 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கலையும் பண்பாட்டு மரபும் அதன் பட்டியலில் உண்டு. எந்தத் தெருவின் எந்தக் கலைக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்வது நிறுவனத்தின் இயக்குநர் குழு. தொழிலாளியிடமிருந்து எடுத்த உபரியின் ஒரு துளி, நிறுவனத்தின் பெயர் பொறித்த பதாகையோடு தொழிலாளியின் தெருவுக்கே ‘கொடை’யாகத் திரும்புகிறது.

வெளிநாட்டு நிதியை இடதுசாரிகள் எப்போதும் ஐயத்தோடுதான் பார்த்துவந்துள்ளனர். அந்த ஐயத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆயினும் மோடி அரசு 2020இல் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின் இரட்டை வேடம் அம்பலப்படுத்தப்பட வேண்டும். நிதி பெறும் அமைப்பு அதனைச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிப்பதை அத்திருத்தம் அடியோடு தடை செய்தது. நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஆனால் அதே அரசு 2016, 2018 ஆண்டுகளின் நிதிச் சட்டங்கள் வழியாக, வெளிநாட்டு நிறுவனங்களின் துணை நிறுவனங்கள் அரசியல் கட்சிகளுக்குக் கொடுத்த நன்கொடைகளை முன்தேதியிட்டுச் சட்டபூர்வமாக்கியது. ஆளும் கட்சிக்கு வந்தால் அது நன்கொடை. அடித்தட்டுக் குழுவுக்கு வந்தால் அது தேச விரோதம்.

யாரை உள்ளடக்குவது, எதற்குள்?

‘உள்ளடக்கம்’ என்ற சொல்லைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மானிய அறிவிப்புகள் ஒவ்வொரு சமூகத்தையும் தனித்தனியே அழைக்கின்றன: கொங்கணி உணவு, தக்கினிப் பாட்டு, தமிழ்ச் சலவையாளர் வாழ்க்கை, கட்ச்சித் திருமணச் சடங்கு. ஒவ்வொருவரும் தம் வேறுபாட்டைக் காட்சிப் பொருளாக அடுக்கி வைத்தால் தொகை கிடைக்கும். அனைவருக்கும் பொதுவாக இருப்பது எது? துறைமுகக் கூலி, கிடங்கு வேலை, மழைக்காலத்தில் வீட்டுக்குள் புகும் நீர், ஒற்றை அறைக் குடியிருப்பின் நெருக்கடி. இவற்றைப் பற்றிய திட்டத்துக்கு ‘பண்பாடு’ என்ற தலைப்பில் பணம் கேட்டால், அது அரசியல் என்று திருப்பி அனுப்பப்படும். மக்களைப் பிரிக்கும் கோடுகளுக்கு மானியம் உண்டு. இணைக்கும் கோட்டுக்கு இல்லை.

வேறுபாட்டைக் கொண்டாடுவோர் அதன் உள்ளே உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றி வாய் திறப்பதில்லை. மட்டாஞ்சேரியின் கௌட சாரஸ்வதப் பிராமணர்களும் குடும்பிகளும் பேசுவது கொங்கணியே; ஆனால் சாதிப் படிநிலையில் அவர்களுடைய இடம் ஒன்றல்ல. ‘கொங்கணிச் சமூகத்தின் பாரம்பரியம்’ என்று ஒரே தலைப்பிட்டால் யாருடைய சமையலறை காட்சிக்கு வரும், யாருடைய உழைப்பு மறையும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பனுக்கு மக்கள் இன்றும் விளக்கேற்றுகிறார்கள். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்து கொன்ற மனிதர்களின் நினைவு அது. சுற்றுலா வழிகாட்டியின் வாயில் அது சுருட்டுப் பிடிக்கும் ஆவியின் வேடிக்கைக் கதையாகிவிட்டது. அடிமை முறையைப் பேசாத ‘உள்ளடக்கம்’ யாரை உள்ளடக்குகிறது?

அடுத்தது கூலி. இத்தகைய திட்டங்களில் ‘சமூகப் பங்கேற்பு’ என்பது பெரும்பாலும் கூலியில்லா உழைப்பின் மறுபெயர். ஒருங்கிணைப்பாளருக்கு மதிப்பூதியம் உண்டு. ஒளிப்படக்காரருக்குக் கட்டணம் உண்டு. மூன்று மாதம் ஒத்திகைக்கு வந்த பெண்ணுக்கு, உடை தைத்தவருக்கு, சமைத்தவருக்குச் சான்றிதழும் தேநீரும். தங்கள் பண்பாட்டைத் தாங்களே காப்பதற்குக் கூலி எதற்கு என்பது வாதம். தொழிலாளி தன் குடும்பத்துக்குத்தானே உழைக்கிறான், அவனுக்குக் கூலி எதற்கு என்று முதலாளி கேட்பதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

பாப்பாஞ்சியின் முகம்

மானியத்தின் மிகக் கனமான நிபந்தனை காகிதத்தில் எழுதப்படுவதில்லை. அது அச்சம்.

கோட்டைக் கொச்சியில் ஆண்டின் கடைசி இரவில் ‘பாப்பாஞ்சி’ என்ற கிழவனின் பெரிய உருவம் எரிக்கப்படும். கழிந்த ஆண்டை வழியனுப்பும் சடங்கு அது. 1980களிலிருந்து கொச்சித் திருவிழாவின் உச்சமாக விளங்கும் இதனை உள்ளூர் மன்றங்களும் மக்களும் சாதி மத வேறுபாடின்றி நடத்துகிறார்கள். 2022 டிசம்பரில் அவ்வுருவத்தின் முகம் பிரதமர் மோடியைப் போல இருப்பதாகக் கூறி பாரதிய ஜனதா கட்சியினர் திடலில் எதிர்ப்புத் தெரிவித்தனர். எரிப்பதற்கு முன்பே முகம் மாற்றப்பட்டது.

ஒரு கிழவனின் தாடியைக் கூட ஆட்சியாளரின் விருப்பத்துக்கேற்பத் திருத்த வேண்டிய நிலை ஒரு மக்கள் விழாவுக்கே வந்தது என்றால், அடுத்த தவணைக்காக அமைச்சகத்தின் கோப்பை எதிர்பார்த்து நிற்கும் பத்துப் பேர் கொண்ட குழு என்ன செய்யும்? எவரும் மிரட்டவே தேவையில்லை. அதுவே தன் நாடகத்திலிருந்து கூர்மையான வசனத்தை நீக்கிவிடும். சங் பரிவாரம் பண்பாட்டை ஒருபோதும் இரண்டாம் நிலை வேலையாகக் கருதவில்லை. கோயில் திருவிழாக் குழுக்களில், பஜனைக் கூட்டங்களில், குழந்தைகளின் விடுமுறை முகாம்களில் அது அன்றாடம் உழைக்கிறது. பொதுப்பணம் போட்டி மானியமாக இருக்கும் வரை, அதிகாரத்தில் இருப்பவரின் விருப்பமே அதன் திசையைத் தீர்மானிக்கும்.

இரண்டு தவறான பதில்கள்

இதற்கு இடதுசாரி வட்டங்களிலேயே இரண்டு பதில்கள் கேட்கின்றன. இரண்டும் தவறு.

முதலாவது: “சிறு தொகையாவது கிடைக்கிறதே, ஏன் குறை சொல்ல வேண்டும்?” கிடைக்கும் தொகையை ஏற்க வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. இசைக்கருவி வாங்கப் பணமில்லாத கலைஞரிடம் மானியத்தைப் புறக்கணிக்கச் சொல்வது, பசித்தவரிடம் உண்ணாநோன்பின் பெருமையைப் பேசுவதாகும். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இசைக்கருவிக்கும் ஆடை அணிகலனுக்கும் தரும் உதவியால் எத்தனையோ பறையிசை, கரகாட்டக் கலைஞர்கள் பயனடைந்துள்ளனர். ஆனால் உதவியைப் பெறுவது வேறு. உதவியே கொள்கை என்று ஏற்றுக்கொள்வது வேறு. கூலி உயர்வை ஏற்கும் தொழிற்சங்கம் கூலி முறையை ஏற்றுவிட்டதாகப் பொருளல்ல.

இரண்டாவது: “முதலில் வேலை, கூலி, வீடு. பண்பாடு மேற்கட்டுமானம்; அது பின்னால் வரட்டும்.” இப்படிச் சொல்லும் தோழர்கள் தம் இயக்கத்தின் வரலாற்றையே மறக்கிறார்கள். 1943இல் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் பிறந்தது வங்கப் பஞ்சத்தின் நடுவில். 1950இல் உருவான கேரள மக்கள் கலைக் கழகம் 1952இல் அரங்கேற்றிய ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகம், ஐந்து ஆண்டுகளில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை அமைவதற்கான மனநிலத்தை உழுதது. மட்டாஞ்சேரித் துப்பாக்கிச் சூட்டைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுவந்ததும் கலைதான். கே.எம். சிதம்பரனின் ‘துறைமுகம்’ நாடகத்தின் அடிப்படையில் ராஜீவ் ரவி இயக்கிய அதே பெயர் கொண்ட திரைப்படம் 2023இல் வெளியானது. சாப்பா என்ற சொல்லையே அறியாத இளைஞர்கள் அதைத் திரையில் பார்த்தார்கள்.

உரிமை என்பது எப்படி இருக்கும்?

போட்டி மானியத்துக்கு மாற்று வெறும் கனவல்ல. 2004இல் பிரேசிலில் லூலாவின் அரசில் பண்பாட்டு அமைச்சராக இருந்த பாடகர் ஜில்பர்ட்டோ ஜில் ‘வாழும் பண்பாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். சேரிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் ஏற்கெனவே இயங்கிய குழுக்கள் ‘பண்பாட்டுப் புள்ளிகள்’ என்று ஏற்கப்பட்டு, சில ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியான நிதி பெற்றன. அதிலும் குறைகள் இருந்தன. அரசின் கணக்கு விதிகள் சிறு குழுக்களைத் திணறடித்தன. அந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்று 2014இல் அது சட்டமாக்கப்பட்டது. பதிவு இல்லாத கூட்டுக் குழுக்களையும் அச்சட்டம் ஏற்கிறது. 2019இல் வலதுசாரி பொல்சனாரோ பண்பாட்டு அமைச்சகத்தையே கலைத்தார். சட்டம் நிலைத்தது, குழுக்களின் வலைப்பின்னலும் கலையவில்லை.

எதிர்மாறான பாடம் லண்டனில் உண்டு. 1981 முதல் தொழிற்கட்சியின் இடதுசாரிப் பிரிவு வழிநடத்திய பெருநகர லண்டன் மன்றம், கறுப்பின மக்கள், பெண்கள், வேலையற்றோர் ஆகியோரின் குழுக்களுக்கு ஏராளமான சிறு மானியங்களை வழங்கியது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் 1986இல் தாட்சர் அரசு அந்த மன்றத்தையே ஒழித்தபோது, அதை நம்பியிருந்த குழுக்கள் பல நிலைகுலைந்தன. நல்லெண்ணம் கொண்ட ஆட்சி தருவது ஆட்சியோடு போய்விடும். மக்கள் அமைப்பும் சட்டமும் இணைந்து தாங்குவதே நிற்கும்.

இந்த உண்மைக்குத் தமிழர்கள் வெளிநாட்டைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை. 1948இல் சென்னை மாகாணம் விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரி வசூலிக்கப்படுகிறது. இன்றும் தமிழ்நாட்டில் அது சொத்து வரியில் 10 சதவீதம். கேரளம் 1989இல் இயற்றிய சட்டத்தின்படி அங்கே 5 சதவீதம். வசூலித்த வரியை உள்ளாட்சிகள் காலத்தோடு செலுத்துவதில்லை என்ற குறை உண்டு. ஆனால் அது கேட்டு வாங்கக்கூடிய கடன்; கெஞ்சிப் பெறும் மானியம் அல்ல. சிற்றூர் வாசகர் தம் நூலகம் ‘உள்ளடக்கியது’ என்று எவருக்கும் விண்ணப்பம் எழுதி நிரூபிக்க வேண்டியதில்லை.

கேரள இடதுசாரிகளிடமே இதற்கான அனுபவம் இருக்கிறது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு அளித்து, சாலையையும் குடிநீரையும் வார்டு மக்களே முடிவு செய்யலாம் என்று நிரூபித்தது. மாநிலம் உருவான 60ஆம் ஆண்டையொட்டிக் கொண்டுவந்த வைர விழா உதவித்தொகைத் திட்டம், 1000 இளம் கலைஞர்களுக்கு மாதத் தொகை கொடுத்து உள்ளாட்சிப் பகுதிகளில் மக்களுக்கு இலவசமாகக் கலை கற்பிக்க வைத்தது. இந்த இரண்டையும் இணைப்பதே அடுத்த படி. குடிநீரை முடிவு செய்யும் அதே சபை தன் தெருவின் நாடகத்தையும் ஏன் முடிவு செய்யக் கூடாது?

கோரிக்கைகள்

கட்சியும் வெகுஜன அமைப்புகளும் கேரளத்திலும் தமிழகத்திலும் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

1. ஒவ்வோர் உள்ளாட்சியின் திட்ட நிதியிலும் பண்பாட்டுக்கென ஒரு நிலையான பங்கு சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். அது வார்டு வாரியாகப் பிரிக்கப்பட்டு, கேரளத்தில் வார்டு சபையிலும், தமிழகத்தில் கிராம சபையிலும் 2022 விதிகளின்படி அமைந்த நகர்ப்புறப் பகுதி சபையிலும் முடிவு செய்யப்பட வேண்டும்.

2. தீர்மானப் புத்தகமும் வங்கிக் கணக்கும் உள்ள எந்த மக்கள் குழுவும், சுய உதவிக் குழுவைப் போலவே, பதிவு இல்லாமலேயே நிதி பெறும் தகுதி உடையதாக வேண்டும்.

3. முழுத் தொகையும் முன்பணமாக வழங்கப்பட வேண்டும். ஆடுபவர், தைப்பவர், மேடை கட்டுபவர், சமைப்பவர் அனைவருக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத ஊதியம் திட்டச் செலவிலேயே சேர்க்கப்பட வேண்டும்.

4. கணக்கு கோப்பில் உறங்காமல் அதே சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் போராடிப் பெற்ற சமூகத் தணிக்கையே இதற்கு முன்மாதிரி.

5. உள்ளடக்கத்தின் மீது எந்த நிபந்தனையும் கூடாது.

6. பொதுப்பணம் பெறும் பெரிய கலைவிழாக்கள், தாம் நடக்கும் வார்டுகளின் பண்பாட்டு நிதிக்கு ஒரு பங்கைச் செலுத்த வேண்டும். பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களும் பள்ளி மண்டபங்களும் மாலை நேரத்தில் ஒத்திகைக்குத் திறக்கப்பட வேண்டும்.

தோழர்களின் பணி

இந்தக் கோரிக்கைகள் மனுவாக மட்டும் எழுதப்பட்டால் அவையும் ஒரு விண்ணப்பமாகவே முடியும். அவற்றுக்கு உயிர் கொடுக்க வேண்டியது கிளைகளின் அன்றாட வேலை.

முதலில், ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் யார் பாடுகிறார்கள், யார் ஆடுகிறார்கள், யார் கருவி செய்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் தோழர் சலவைத்துறையிலிருந்து தொடங்கலாம். இடுக்கியின் தேயிலைத் தோட்டத்தில் உள்ளவர் லயன் வீடுகளிலிருந்து தொடங்கலாம். சென்னையில் உள்ளவர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பிலிருந்து தொடங்கலாம். இரண்டாவதாக, இப்போது இருக்கும் மானியங்களைப் பெறக் கலைஞர்களுக்கு விண்ணப்பம் எழுத உதவ வேண்டும், தரகு இல்லாமல். மூன்றாவதாக, மக்களிடமிருந்து வசூலிக்கும் பழைய பழக்கத்தைக் கைவிடக் கூடாது. 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களும் கலைஞர்களும் இணைந்து தொடங்கிய விழா, பெருநிறுவன விளம்பரதாரர் இல்லாமல் நடத்த முடியும் என்று காட்டியது. பிடியரிசியும் துண்டேந்தலும் பணத்துக்காக மட்டும் அல்ல. கொடுத்தவர் நாடகம் தம்முடையது என்று உணர்வதற்காகவும்தான். நான்காவதாக, அடுத்த வார்டு சபைக்கோ பகுதி சபைக்கோ போகும்போது சாக்கடை, தெருவிளக்கு ஆகிய கோரிக்கைகளோடு பண்பாட்டு நிதிக்கான தீர்மானத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

துறைமுகத் தொழிலாளர்களின் வரலாறு இங்கே வழிகாட்டுகிறது. அவர்களுடைய போராட்டங்களின் முடிவு, மூப்பன் கூடுதலாகச் சில வில்லைகளை வீசியதல்ல. நாடெங்கும் துறைமுகத் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கொச்சியிலும் தொழிலாளர் வாரியம் வந்தது. பெயர்ப் பதிவும் முறைவைத்து வேலையும் வந்தன. வில்லை வீசுவதே நின்றது. வேலைக்காகக் குனிந்து தரையில் துழாவியவர்கள், பட்டியலில் தம் பெயர் அழைக்கப்படும்போது நிமிர்ந்து நடந்தார்கள்.

பண்பாட்டுக்கும் அதுவே இலக்கு. பெரிய வில்லை அல்ல, கூடுதல் வில்லைகளும் அல்ல. வீசும் முறைக்கு முடிவு. சைதும் சைதலவியும் ஆண்டனியும் உயிர் கொடுத்த மண்ணில், அவர்களுடைய பேரக்குழந்தைகள் பாடுவதற்கு யாரிடமும் கையேந்தக் கூடாது.